ஜாஸ் கிட்டார் கோர்டுகளும் பக்கவாத்தியமும்: மார்த்தாண்டத்து மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மார்த்தாண்டத்தில் ஒரு கடையின் மாடி அறையில் கிட்டார் சொல்லிக்கொடுத்து வருகிறேன். குழித்துறை, களியக்காவிளை, கேரள எல்லைக்கு அப்பால் பாறசாலை என்று பல இடங்களிலிருந்து வருகிறவர்களில் பெரும்பாலானோர் கோயில் பாடகர் குழுவில் வாசித்துப் பழகியவர்கள். ஜாஸ் பக்கம் திரும்பும்போது அவர்களுக்கு எழும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளை வைத்துப் பதில்களை எழுதியிருக்கிறேன். கம்பி எண்களில் குழப்பம் வேண்டாம்: மிக மெல்லிய கம்பி 1, மிகத் தடித்தது 6. ஃபிரெட் என்பது கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கட்டை.

சாரே, நாங்க கோயில்ல வாசிக்கிற கோர்டும் ஜாஸ் கோர்டும் வேற வேறயா?

அடித்தளம் ஒன்றுதான். நீங்கள் வாசிக்கும் மேஜர் கோர்டில் சட்ஜமம், அந்தர காந்தாரம், பஞ்சமம் என மூன்று சுரங்கள் உள்ளன. மைனர் கோர்டில் அந்தர காந்தாரத்தின் இடத்தில் சாதாரண காந்தாரம் வருகிறது. ஜாஸில் இவற்றோடு நான்காவதாக ஒரு நிஷாதமும் பெரும்பாலும் சேர்கிறது. ஒவ்வொரு கோர்டுக்கும் அதன் ரூட்டையே, அதாவது பெயருக்குரிய அடிச் சுரத்தையே, சட்ஜமாகக் கொண்டு எண்ண வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

அந்தர காந்தாரத்தோடு காகலி நிஷாதம் சேர்ந்தால் மேஜர் 7, அதே காந்தாரத்தோடு கைசிகி நிஷாதம் சேர்ந்தால் வெறும் 7, சாதாரண காந்தாரத்தோடு கைசிகி நிஷாதம் சேர்ந்தால் மைனர் 7. பாட்டு வகுப்புக்குப் போன பிள்ளைகளுக்கு இதை ஒருமுறை பாடிக் காட்டினாலே போதும். புத்தகத்தில் அரை மணி நேரம் படித்துப் புரியாதது காதில் உடனே பதிந்துவிடுகிறது.

அப்ப எத்தன கோர்டு மனப்பாடம் பண்ணணும்? புஸ்தகத்துல ஆயிரக்கணக்குல போட்டிருக்காங்களே.

அந்தப் புத்தகத்தை மூடி வையுங்கள். மேலே சொன்ன மூன்று வகைகளோடு, மைனர் 7இன் பஞ்சமத்தை அரைச் சுரம் இறக்கிய அரை டிமினிஷ்டு, அதன் நிஷாதத்தையும் அரைச் சுரம் இறக்கிய முழு டிமினிஷ்டு ஆகிய இரண்டையும் சேர்த்தால் ஐந்து வகைகள். ஒவ்வொன்றுக்கும் ரூட் ஆறாம் கம்பியில் இருக்கும் பிடி ஒன்று, ஐந்தாம் கம்பியில் இருக்கும் பிடி ஒன்று. ஆகப் பத்துப் பிடிகள். திறந்த கம்பி இல்லாத பிடிகள் என்பதால், அவற்றை ஃபிரெட் ஃபிரெட்டாக நகர்த்தினால் பன்னிரண்டு ரூட்டுகளுக்கும் கோர்டு கிடைத்துவிடும். இவற்றைப் பிடிக்க வேண்டுமானால் ஐந்தாம், ஆறாம் கம்பிகளில் எந்த ஃபிரெட்டில் எந்தச் சுரம் இருக்கிறது என்பது தூக்கத்தில் கேட்டாலும் தெரிந்திருக்க வேண்டும். மனப்பாடம் அங்கேதான் தேவைப்படுகிறது.

முதல்ல எந்த மூணு கோர்ட பிடிக்கணும்?

டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7. ஸ்கேலின் இரண்டாம், ஐந்தாம், முதல் படிகளில் அமைந்திருப்பதால் இந்த நடைக்கு இரண்டு-ஐந்து-ஒன்று என்று பெயர். ஜாஸ்காரர்கள் காலங்காலமாக வாசித்துவரும் பாட்டுகளில் இந்த நடை இல்லாத ஒன்றைத் தேடிப் பிடிப்பதே கடினம். ஒவ்வொன்றையும் மூன்றே கம்பிகளில் பிடியுங்கள். டி மைனர் 7: ஐந்தாம் கம்பியில் 5ஆம் ஃபிரெட், நான்காம் கம்பியில் 3, மூன்றாம் கம்பியில் 5. ஜி 7: ஆறாம் கம்பியில் 3, நான்காம் கம்பியில் 3, மூன்றாம் கம்பியில் 4, இடையில் உள்ள ஐந்தாம் கம்பி ஒலிக்காதபடி, ஆறாம் கம்பியை அழுத்தும் விரலின் நுனி அதைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். சி மேஜர் 7: ஐந்தாம் கம்பியில் 3, நான்காம் கம்பியில் 2, மூன்றாம் கம்பியில் 4. இப்படி ரூட், காந்தாரம், நிஷாதம் மட்டும் கொண்ட பிடியை ஷெல் என்பார்கள்.

இப்போது நான்காம், மூன்றாம் கம்பிகளை மட்டும் கவனியுங்கள். முதல் கோர்டிலிருந்து இரண்டாவதற்குப் போகையில் மூன்றாம் கம்பி 5இலிருந்து 4க்கு இறங்குகிறது, நான்காம் கம்பி அசைவதில்லை. அடுத்த நகர்வில் நான்காம் கம்பி 3இலிருந்து 2க்கு இறங்குகிறது, மூன்றாம் கம்பி அசைவதில்லை. முதல் கோர்டின் நிஷாதம் அடுத்த கோர்டின் காந்தாரத்துக்குள் வழுக்கி விழுகிறது, முதல் கோர்டின் காந்தாரம் அடுத்த கோர்டின் நிஷாதமாகவே தங்கிவிடுகிறது. அந்த இரண்டு கம்பிகளை மட்டும் ஒரு நாள் முழுவதும் வாசித்துப் பாருங்கள். ரூட் ஒலிக்காமலேயே கோர்டு மாறுவது காதுக்குத் தெரியும். கீழே வரும் பதில்களில் சில இந்த இரு கம்பிகளைப் பற்றியவைதான்.

பஞ்சமத்த விட்டுட்டா கோர்டு அரைகுறையா கேக்காதா?

கேட்காது. ஒரு தந்தியை மீட்டினால் அதன் மேற்சுரங்களில் ஒன்றாக ஓர் ஸ்தாயிக்கு மேலே உள்ள பஞ்சமம் தானாகவே ஒலிக்கிறது. தம்புராவை உற்றுக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. மேஜரா மைனரா என்பதைக் காந்தாரம் சொல்கிறது, எந்த வகை 7 என்பதை நிஷாதம் சொல்கிறது, பஞ்சமம் புதிதாக எதையும் சொல்வதில்லை. அது அரைச் சுரம் ஏறியோ இறங்கியோ வரும் கோர்டுகளில் மட்டும் விட்டுவிடக் கூடாது.

கேப்போ போடலாமா?

வேண்டாம். பாடகர் குழுவில் பாடுபவரின் சுருதிக்கேற்பக் கேப்போவை, கம்பிகளை மொத்தமாக அழுத்திப் பிடிக்கும் அந்தக் கவ்வியை, நகர்த்திவிட்டு, தெரிந்த ஜி, சி, டி பிடிகளையே வாசிப்பது வசதியாக இருந்திருக்கும். இங்கே ஒரே பாட்டுக்குள் சுருதி இரண்டு மூன்று முறை மாறலாம். பாட்டை நிறுத்திக் கேப்போவை நகர்த்த யாரும் காத்திருக்க மாட்டார்கள். மேலே சொன்ன பிடிகளுக்குத் திறந்த கம்பியே தேவையில்லை என்பதால் கேப்போவுக்கு அங்கே வேலையும் இல்லை.

வீட்ல இருக்குற சாதா கிட்டார் போதுமா, இல்ல பெரிய வயிறு வச்ச ஜாஸ் கிட்டார் வாங்கணுமா?

போதும். எலக்ட்ரிக் கிட்டார் இருந்தால் கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பைத் தேர்ந்தெடுத்து, டோன் குமிழைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள். நீங்கள் தேடும் அந்த மங்கலான, உருண்ட ஒலி ஏறக்குறைய வந்துவிடும். கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் ஃபிளாட்வூண்ட் கம்பி போடலாம். கம்பியின் மேல் தட்டையான நாடாவைச் சுற்றியிருப்பதால், விரல் நகரும்போது எழும் கீச்சொலி அதில் மிகக் குறைவு. இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் கம்பி துருப்பிடிக்காமல் இருப்பதே பெரும்பாடு; வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் துடைத்துவிட்டுப் பெட்டிக்குள் வையுங்கள்.

ஸ்ட்ரம்மிங் பேட்டர்ன் மட்டும் எழுதிக் கொடுங்க சாரே, மிச்சத்த நான் பாத்துக்குவேன்.

வாரத்துக்கு ஒருவராவது கேட்கும் கேள்வி இது. எழுதிக் கொடுக்க மறுப்பதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. ஜாஸ்காரர்கள் காம்ப்பிங் என்று சொல்வதும் நம் கச்சேரிகளில் பக்கவாத்தியம் என்று சொல்வதும் ஒரே வேலைதான். மிருதங்கக்காரர் கீர்த்தனை முழுவதற்கும் ஒரே சொற்கட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தால் எப்படி இருக்கும்? பாடுபவர் மூச்சு விடும் இடத்தில் சொல்லி, அவர் சொல்லும் இடத்தில் ஒதுங்குவதைத்தான் கற்க வேண்டும். ஆனாலும் தொடங்குவதற்குப் பிடிமானம் வேண்டுமே என்பதால் நான்கு பாணிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, ஒரு பாருக்கு, அதாவது ஓர் ஆவர்த்தனத்துக்கு, நான்கு பீட்டும் சமமாக, குறுகலாக வாசிப்பது. 1937இல் அமெரிக்க ஜாஸ் பியானோக்காரர் கவுண்ட் பேஸியின் குழுவில் சேர்ந்து 1987இல் இறக்கும்வரை அந்தக் குழுவோடு இருந்த ஃபிரெடி கிரீன் இதில் பேராசான். கம்பிகள் உயரமாக ஏற்றப்பட்ட, ஒலிபெருக்கி இல்லாத கிட்டாரில் அவர் வாசித்தது தனியாகக் காதில் விழாது. எடுத்துவிட்டால்தான் அதன் அருமை தெரியும். வலக்கை ஒவ்வொரு பீட்டிலும் கீழ்நோக்கி இறங்க, அடித்த உடனே இடக்கையின் அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும். விரல்கள் கம்பியைவிட்டு எழக் கூடாது, அழுத்தம் மட்டும் போக வேண்டும். இந்தத் தளர்த்தல் கைவர ஒரு மாதம் ஆகும், அதற்குள் சலித்துப்போகாதீர்கள். இரண்டாவது, சார்ல்ஸ்டன்: முதல் பீட்டில் ஓர் அடி, இரண்டாவது பீட்டுக்குப் பின்வரும் அரை எண்ணிக்கையில் ஓர் அடி, பிறகு பார் முடியும்வரை மௌனம். அதே இரண்டு அடிகளை அரை எண்ணிக்கை தள்ளித் தள்ளித் தொடங்கிப் பார்த்தால் எட்டு விதங்கள் கிடைக்கும்.

மூன்றாவது பாரிஸ் பாணி. கிட்டார்காரர் ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்த குழுவில் டிரம்ஸ் கிடையாது. அந்த வேலையை இரண்டு கிட்டார்கள் செய்தன. 1, 3ஆம் பீட்டுகளில் தடித்த கம்பிகளும், 2, 4இல் சட்டென்று அறுபடும் முழு அடியுமாக அது ஓடும். நான்காவது பிரேசில் நாட்டின் போசா நோவா. அந்நாட்டுப் பாடகரும் கிட்டார்காரருமான ஜோவோ ஜில்பெர்ட்டோவைக் கேளுங்கள்: கட்டைவிரல் தாளத்தை விடாமல் நடக்க, மற்ற விரல்கள் அதன் இடுக்குகளில் கோர்டைப் பறிக்கின்றன. பிக் வேண்டாம், ஸ்விங்கும் வேண்டாம்.

ஸ்விங்குன்னா திஸ்ர நடைன்னு வச்சுக்கலாமா?

தொடக்கத்துக்கு அப்படி வைத்துக்கொள்ளலாம். ஒரு பீட்டைத் "தகிட" என்று மூன்றாக்கி, "த"வையும் "ட"வையும் மட்டும் ஒலித்து, "கி"யை விழுங்கினால் நடுத்தர வேகத்து ஸ்விங் வருகிறது. வேகம் ஏற ஏற இந்த நீள வேறுபாடு கரைந்து இரண்டும் ஏறக்குறைய சமமாகிவிடும். அங்கேயும் திஸ்ரத்தையே பிடித்துத் தொங்கினால் நொண்டியடிப்பது போலக் கேட்கும்.

கீபோர்டும் பாஸும் இருக்குற குழுவில நான் என்ன வாசிக்க?

பல ஆண்டுகளுக்கு முன் தக்கலைப் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பில், அதுவரை கற்ற ஆறு கம்பிப் பிடிகளையெல்லாம் ஒரே பாட்டில் இறக்கிக்கொண்டிருந்தேன். பாறசாலையிலிருந்து வந்திருந்த பாஸ் கிட்டார்காரர் இடைவேளையில் தேநீர்க் கோப்பையோடு வந்து, "சேட்டா, தாழத்தெ ரெண்டு கம்பி எனிக்கு விட்டு தரணே" என்றார். பணிவாகத்தான் சொன்னார், எனக்குத்தான் காது சிவந்துவிட்டது. என்னுடைய ரூட்டும் அவருடைய ரூட்டும் ஒரே இடத்தில் மோதி, இரண்டும் சேறாகக் கலங்கியிருக்கின்றன. பாஸ் இருக்கும் குழுவில் ஐந்தாம், ஆறாம் கம்பிகளை மறந்துவிடுங்கள். மூன்றாவது பதிலில் சொன்ன இரு கம்பிகளே போதும்.

கீபோர்டுகாரரோடு முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. இருவரும் ஒரே நேரத்தில் தங்கள் விருப்பப்படி கோர்டு போட்டால், ஒருவர் ரூட்டிலிருந்து எண்ணி ஒன்பதாவதாக வரும் சுரத்தைச் சேர்க்க மற்றவர் அதையே அரைச் சுரம் இறக்கிச் சேர்த்திருப்பார். அவர் கோர்டு போடும் சுற்றில் நீங்கள் சும்மா இருங்கள், அல்லது ஃபிரெடி கிரீன் போல நான்கு பீட்டை மட்டும் மெதுவாக வாசியுங்கள். இரண்டு வாத்தியங்களும் மோதாமல் பேசிக்கொள்ள முடியும் என்பதற்கு, கிட்டார்காரர் ஜிம் ஹாலும் பியானோக்காரர் பில் எவன்ஸும் 1962இல் இருவராகவே செய்த பதிவுகள் சான்று. எவன்ஸ் தனி வாசிக்கும்போது ஹால் எத்தனை முறை கையை எடுத்துவிடுகிறார் என்று எண்ணிப் பாருங்கள்.

மெல்லிய நாலு கம்பியில பிடிக்கிற கோர்ட டிராப் 2ன்னு சொல்றாங்களே, என்னத்த டிராப் பண்றது?

சி மேஜர் 7இன் நான்கு சுரங்களை நெருக்கமாக அடுக்கினால் சி, இ, ஜி, பி. உச்சியிலிருந்து இரண்டாவதாக உள்ள ஜியை ஒரு ஸ்தாயி இறக்கினால் ஜி, சி, இ, பி என்றாகிறது. நெருக்கமான அடுக்கில் விரல்கள் முறுக்கிக்கொள்ளும். இப்படி ஒன்றை இறக்கியதும் கைக்குள் அடங்கிவிடுகிறது. நான்காம், மூன்றாம், இரண்டாம் கம்பிகளில் 5, முதல் கம்பியில் 7. அதே கோர்டை 2-4-1-3, 9-9-8-8, 10-12-12-12 என்றும், இதே கம்பி வரிசையில், பிடிக்கலாம். நான்கிலும் உச்சியில் ஒலிக்கும் சுரம் வேறு என்பதால், கோர்டு மாறாமலேயே மேலே ஒரு சிறு மெட்டை நகர்த்த முடியும்.

9, 13ன்னு எழுதியிருந்தா கண்டிப்பா வாசிக்கணுமா?

கட்டாயமில்லை, ரூட்டிலிருந்து எண்ணி ஒன்பதாவது, பதின்மூன்றாவதாக வரும் அந்தச் சுரங்கள் ஷெல்லின் மேல் தூவும் தேங்காய்த் துருவல். இரண்டாம் கம்பியை மட்டும் சேர்த்துப் பாருங்கள். டி மைனர் 7 ஷெல்லோடு அந்தக் கம்பியில் 5 சேர்ந்தால் டி மைனர் 9, ஜி 7 ஷெல்லோடு 5 சேர்ந்தால் ஜி 13, சி மேஜர் 7 ஷெல்லோடு 3 சேர்ந்தால் சி மேஜர் 9.

இனி ஜி 7க்கு வரும்போது அந்த 5ஐ 4 ஆக்குங்கள். உச்சியில் 5, 4, 3 என்று ஒரு கோடு அரையரைச் சுரமாக இறங்குகிறது. ஆல்டர்டு (சுரங்களை அரைச் சுரம் ஏற்றியோ இறக்கியோ மாற்றியது) என்று பயமுறுத்தும் சொல்லின் வாசல் இதுதான்: போய்ச் சேருமிடம் தெரிந்திருந்தால், ஐந்தாம் படிக் கோர்டில் எவ்வளவு கசப்பையும் சேர்க்கலாம். பாடுபவர் அந்த இடத்தில் ஜி 13இன் இயல்பான சுரத்தைப் பாடிக்கொண்டிருந்தால் மட்டும் நீங்கள் அதை இறக்கக் கூடாது.

ஜி 7 வரவேண்டிய இடத்துல டி-ஃபிளாட் 7 போட்டாலும் தப்பா கேக்கல. எப்படி?

அந்த இரு கம்பிகளுக்குத் திரும்புவோம். ஜி 7இல் நான்காம் கம்பியில் 3, மூன்றாம் கம்பியில் 4. டி-ஃபிளாட் 7இலும் அதே 3, அதே 4. ரூட் மட்டும் ஐந்தாம் கம்பியின் 4ஆம் ஃபிரெட்டுக்குப் போயிருக்கிறது. ஒன்றின் காந்தாரம் மற்றதன் நிஷாதம், நிஷாதம் காந்தாரம். கோர்டின் அடையாளம் அந்த இரண்டு சுரங்களில் இருப்பதால் காது ஏற்றுக்கொள்கிறது. அடியிலோ டி, டி-ஃபிளாட், சி என்று படி இறங்குகிறது. பாஸ் வாசிப்பவரிடம் சொல்லிவிட்டுச் செய்வது நட்புக்கு நல்லது.

கோயில் பாட்டுல மேஜர் 7 போட்டேன், பாடகர் குழுத் தலைவர் முறைச்சாரு. ஏன்?

பாட்டின் கடைசிச் சுரத்தைக் கேட்டால் காரணம் தெரியும். பாடுபவர்கள் சட்ஜமத்தில் நீளமாக நிற்கும்போது, அதற்கு அரைச் சுரம் கீழே உள்ள காகலி நிஷாதத்தை நீங்கள் அழுத்தினால் இரண்டும் உரசும். அந்த இடத்தில் மேஜர் 7க்குப் பதிலாக 6 போடுங்கள்: ஐந்தாம் கம்பியில் 3, நான்காம் கம்பியில் 2, மூன்றாம் கம்பியிலும் 2. நிஷாதம் இருந்த இடத்தில் சதுஸ்ருதி தைவதம் வந்து உட்கார்ந்துகொள்கிறது, உரசல் போய்விடுகிறது. மெட்டு காந்தாரத்திலோ பஞ்சமத்திலோ நிற்குமானால் மேஜர் 7 இனிமையாகவே இருக்கும். எதற்கும் ஒத்திகையில் ஒருமுறை வாசித்துக் காட்டி அனுமதி வாங்கிவிடுங்கள். ஆராதனையில் திடீரென்று புதுக் கோர்டு போடுகிறவனைப் பாடகர்கள் மன்னிப்பதில்லை.

மூணு மாசத்துல வாசிச்சிடலாமா?

இரண்டு-ஐந்து-ஒன்று நடையைப் பன்னிரண்டு சுருதியிலும் தடுமாறாமல் வாசிக்கும் நிலைக்கு, நாள்தோறும் அரை மணி நேரம் உட்காருபவர் மூன்று மாதத்தில் வந்துவிடுகிறார். என் மாணவர் ஒருவர் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. விடியுமுன் வெட்டப் போய், பால் எடுத்து முடித்து, முற்பகலில் குளித்துவிட்டு வாசிக்க உட்காருவார். கத்தி பிடித்துக் காய்த்துப்போன வலக்கையில் பிக் கொஞ்சம் நழுவும். ஆனால் மரத்துக்கு மரம் ஒரே சீராக நடந்து பழகியவருக்குத் தாளம் நழுவியதே இல்லை.

அவருக்குச் சொன்ன பயிற்சி இது. தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 40இல் வையுங்கள். அது தட்டுவதை 1, 3 என்று எண்ணாமல் 2, 4 என்று எண்ணுங்கள். பாட்டின் வேகம் 80 ஆகிறது. சியில் தொடங்கி எஃப், பி-ஃபிளாட், இ-ஃபிளாட் என்று நான்காம் சுரமாக நகர்ந்துகொண்டே போனால் பன்னிரண்டு சுருதிகளையும் சுற்றி மீண்டும் சிக்கு வந்து சேர்வீர்கள்.

வாசிச்சிட்டிருக்கும்போது பாட்டுல எங்க நிக்கிறேன்னு தெரியாம போச்சுன்னா?

எல்லாருக்கும் நேரும். முதலில் இடக்கையைத் தளர்த்தி, கம்பிகளை அழுத்தாமல் தொட்டுக்கொண்டு, வலக்கையால் நான்கு பீட்டை மட்டும் சரசரவென்று ஓட்டுங்கள். தாளம் நிற்காதவரை கேட்பவர்களுக்குத் தெரியாது. தவறான கோர்டைத் தைரியமாக அடிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அடுத்து, வரப்போகும் அடையாளத்துக்குக் காத்திருங்கள். 12 பார் புளூஸ் என்றால் ஐந்தாவது பாரில் ஒன்றாம் படியிலிருந்து நான்காம் படிக்குத் தாவுவது எவர் காதுக்கும் எட்டும். சியில் வாசித்தால் அங்கே எஃப் 7. 32 பார் கொண்ட பல பாட்டுகளில் ஒரே எட்டுப் பார் பகுதி இருமுறை வந்தபின், பதினேழாவது பாரில் மெட்டு வேறு பக்கம் திரும்பும். டிரம்ஸ்காரர் அதற்கு முந்தைய பாரில் பெரும்பாலும் ஓர் உருட்டு உருட்டுவார். அந்த உருட்டு கேட்டதும் இடக்கையைப் பதினேழாவது பாரின் கோர்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, முதல் பீட்டில் அழுத்துங்கள்.